ஓஹேரில் சிதறிய டிஸ்க்: இங்காட் உறையும்போதே பிறந்த ஒரு குறை

2016 அக்டோபர் 28, பிற்பகல் இரண்டரை மணி. சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தின் 28ஆர் ஓடுபாதையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 383 மியாமிக்குப் புறப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. போயிங் 767-300இஆர் விமானம். உள்ளே 161 பயணிகள், 9 பணியாளர்கள். வேகம் மணிக்கு 240 கிலோமீட்டரை நெருங்கியபோது வலப்பக்க எஞ்சினில் பெரும் வெடிச்சத்தம் கேட்டது. விமானிகள் உடனே புறப்பாட்டைக் கைவிட்டு, ஓடுபாதையிலேயே விமானத்தை நிறுத்தினார்கள். அதற்குள் வலது இறக்கையின் கீழ் எரிபொருள் கொட்டித் தீ பிடித்திருந்தது. 170 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். 21 பேருக்குக் காயம், அவர்களில் ஒருவருக்குப் பலத்த காயம். அவர் இடது இறக்கை மேலுள்ள கதவு வழியாக இறங்கியவர். அப்போது இடது எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகைக்காற்று அவரைத் தள்ளி வீழ்த்தியது. விமானத்தின் வலது இறக்கை தீயில் வெந்து சரிந்தது.

எஞ்சின் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சிஎஃப்6-80சி2. அதன் உயர் அழுத்த டர்பைனில் இரண்டு நிலைகள் உண்டு. இரண்டாம் நிலையின் டிஸ்க், அதாவது பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் கனத்த வட்டத் தட்டு, இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு துண்டு இறக்கையின் உட்பகுதியைத் துளைத்து, எஞ்சினுக்குப் போகும் பிரதான எரிபொருள் குழாயை அறுத்து, எரிபொருள் தொட்டியையும் கிழித்து, விமானத்தின் மேலாகப் பறந்து போய் 2,935 அடி தள்ளி இருந்த யுபிஎஸ் கிடங்கில் விழுந்தது. இன்னொரு துண்டு வெளிப்பக்கமாகப் பாய்ந்து ஓடுபாதையில் மோதி மேலும் மூன்றாக உடைந்தது.

புறப்படும் நேரத்தில் இந்த டிஸ்க் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 முறை சுழல்கிறது. விளிம்பில் செருகியிருக்கும் ஒவ்வொரு பிளேடும் அதை வெளிநோக்கி இழுக்கிறது. டிஸ்க்கின் சொந்த எடையும் சேர்ந்து இழுக்கிறது. ஒரு பிளேடு முறிந்தால் அதைப் பிடித்து வைக்கும் அளவுக்கு எஞ்சின் உறை வலுவாக இருக்க வேண்டும் என்பது விதி. டிஸ்க்குக்கு அப்படி ஒரு விதி இல்லை. டிஸ்க் துண்டைத் தடுக்கும் அளவு கனமான உறையைச் சுமந்துகொண்டு விமானம் பறக்க முடியாது. ஆகவே டிஸ்க் உடையவே கூடாது என்ற அடிப்படையில்தான் எல்லாமே வடிவமைக்கப்படுகின்றன. அதனால்தான் இந்த உலோகத்தை உருக்குகிறவர்களின் தோளில் இவ்வளவு பாரம்.

உடைந்த முகம் காட்டியது

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் (என்டிஎஸ்பி) துண்டுகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனது. உடைந்த முகத்தில், மேற்பரப்புக்கு அடியில், கருஞ்சாம்பல் நிறத்தில் சில இடங்கள் தெரிந்தன. உலோகத்தின் தொடர்ச்சி அங்கே அறுந்திருந்தது. அவற்றின் விளிம்புகளிலிருந்து பல விரிசல்கள் கிளம்பியிருந்தன. அவை குறைசுற்றுக் களைப்பால் வளர்ந்த விரிசல்கள். அதாவது எஞ்சின் ஒருமுறை முழு வேகத்துக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு பயணத்துக்கும் விரிசல் ஒரு சிறு அடி முன்னேறியிருக்கிறது. டிஸ்க்குக்கு அனுமதிக்கப்பட்ட ஆயுள் 15,000 சுற்று, அதாவது அத்தனை பயணங்கள். உடைந்தபோது அது கடந்திருந்தது ஏறத்தாழ 11,000.

அந்தக் கருஞ்சாம்பல் இடங்களில் மிகப் பெரியதன் கீழே வெட்டிப் பார்த்தார்கள். சுற்றியுள்ள உலோகத்தைவிட வெளுத்த ஒரு பகுதி தனித்துத் தெரிந்தது. அதற்குள் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஆக்சைடு துகள்கள் வரிசை வரிசையாகச் சிதறிக் கிடந்தன. உலோகம் உருக்கும் துறையில் இதற்குப் பெயர் உண்டு: தனித்த அழுக்கு வெண்புள்ளி. உற்பத்தியின்போது நடந்த சோதனைகளிலும், பிறகு பராமரிப்பில் நடந்த சோதனைகளிலும், அன்றைய முறைகளைக் கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றே வாரியம் முடிவு செய்தது. அறிக்கை 2018 ஜனவரி 30 அன்று ஏற்கப்பட்டது.

இந்த வழக்கை நான் எடுத்துக்கொண்டதற்கு இந்த முடிவுதான் காரணம். பராமரிப்பில் யாரும் எதையும் தவறவிடவில்லை. டிஸ்க் உடைந்ததில் விமானிக்குப் பங்கில்லை. வடிவமைப்பில் அழுத்தக் கணக்கும் பிசகவில்லை. உலோகம் திரவத்திலிருந்து திடமாக மாறிய சில நிமிடங்களில் ஏதோ நடந்தது; இருபது ஆண்டுக்குப் பக்கமாக ஒரு டிஸ்க் அதை வயிற்றில் சுமந்துகொண்டு பறந்தது. இதைப் புரிந்துகொள்ள ஓடுபாதையை விட்டு உலோகம் உருக்கும் ஆலைக்குப் போக வேண்டும்.

718: நையோபியத்தின் பலமும் தொல்லையும்

டிஸ்க் செய்யப்பட்ட கலவை இன்கோனல் 718. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹன்டிங்டனில் இருந்த இன்டர்நேஷனல் நிக்கல் ஆய்வகத்தில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் உருவாக்கியது. காப்புரிமை 1962இல் கிடைத்தது. பாதிக்குச் சற்று மேல் நிக்கல், 17 முதல் 21 சதவீதம் குரோமியம், கிட்டத்தட்ட அதே அளவு இரும்பு, 3 சதவீதம் மாலிப்டினம், 5 சதவீதத்துக்கு ஒட்டி நையோபியம், பிறகு சிறிதளவு டைட்டானியமும் அலுமினியமும். சிஎஃப்6 எஞ்சினின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே கலவைதான் என்றால் இதன் இடம் புரியும்.

718க்குப் பலம் தருவது நையோபியம். வெப்பப் பதப்படுத்தும்போது நிக்கலோடு சேர்ந்து காமா டபுள் பிரைம் என்ற நுண்ணிய வீழ்படிவாக அது படிகத்துக்குள் பரவுகிறது. டெல்டா என்ற இன்னொரு வடிவில் உலோகத்தின் நுண்படிகங்களான மணிகளின் எல்லையில் உட்கார்ந்து, அவை பெரிதாகாமல் பார்த்துக்கொள்கிறது. நையோபியம் குறைந்தால் இரண்டும் குறையும். உலோகம் மென்மையாகும், மணிகள் பெரிதாகும், களைப்பைத் தாங்கும் சக்தி இறங்கும்.

தொல்லை உறைதலில் தொடங்குகிறது. குச்சி ஐஸை உறிஞ்சினால் இனிப்பும் நிறமும் வாய்க்கு வந்துவிட, சப்பென்ற வெள்ளை ஐஸ் மிஞ்சும் அல்லவா? திடமாகும் நீர் தனக்குள் சர்க்கரையை ஏற்பதில்லை, மிச்சத் திரவத்துக்குத் தள்ளிவிடுகிறது. 718இல் நையோபியத்துக்கு நடப்பதும் இதுவே. முதலில் உறையும் திடத்தில் திரவத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி நையோபியமே சேர்கிறது. மீதி திரவத்துக்குள் தள்ளப்பட்டு, கடைசியில் உறையும் துளிகளில் குவிகிறது.

உறைதல் சமமான சுவராக நகர்வதில்லை. டென்ட்ரைட் எனப்படும் கிளைத்த படிகங்கள் திரவத்துக்குள் நீள்கின்றன. கிளைகளுக்கு நடுவில் நையோபியம் செறிந்த திரவம் தேங்கி, கடைசியில் லாவெஸ் என்ற நொறுங்கும் சேர்மமாக உறைகிறது. அதில் நையோபியம் 20 சதவீதத்துக்கும் மேல். இந்தச் சிறு அளவிலான பிரிகை, உருக்கி வார்த்த பாளமான இங்காட் எல்லாவற்றிலும் உண்டு, இதைச் சரி செய்யவும் முடியும். கிளைகளுக்கு இடையிலான தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். இங்காட்டை உலையில் வைத்து, முதலில் லாவெஸ் உருகிவிடாத வெப்பத்தில், 1,160 டிகிரி செல்சியஸ் அளவில் பிடித்து, பிறகு 1,200 டிகிரிக்கு அருகே ஏற்றி, பல பத்து மணி நேரம் விட்டால் நையோபியம் பரவிச் சமமாகிவிடும்.

குறையின் அளவு மில்லிமீட்டர்களுக்குப் போய்விட்டால் கதை வேறு. அணுக்கள் பரவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. தூரம் முப்பது மடங்கு என்றால் நேரம் தொள்ளாயிரம் மடங்கு. இரண்டு நாள் வேலை ஐந்தாண்டு வேலையாகிறது. எந்த உலையும் அதைச் செய்யாது. ஆகவே பெரிய அளவிலான பிரிகை ஒன்று இங்காட்டில் நுழைந்துவிட்டால் பிறகு சூட்டாலும் அழுத்தத்தாலும் எதுவும் ஆகாது. அடித்து நீட்டும்போது அதுவும் சேர்ந்து நீளும், அவ்வளவுதான்.

மூன்று முறை உருக்குதல்

எஞ்சினில் சுழலும் பாகங்களுக்கான 718 மூன்று முறை உருக்கப்படுகிறது. முதலாவது வெற்றிடத் தூண்டல் உலை, விஐஎம். இங்கே கலவை அமைகிறது. எலக்ட்ரோடு எனப்படும் நீளத் தூண்களாக வார்க்கிறார்கள். அந்தத் தூணின் உள்ளே குழி இருக்கும், விரிசல் இருக்கும், உலைச் சுவரிலிருந்து வந்த ஆக்சைடும் இருக்கும்.

இரண்டாவது இஎஸ்ஆர், மின்கசடு மறு உருக்கு. கால்சியம் ஃபுளூரைடு, சுண்ணாம்பு, அலுமினா சேர்ந்த உருகிய கசடுக்குள் எலக்ட்ரோடின் நுனியை அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். நுனி துளித்துளியாக உருகிக் கசடு வழியே இறங்கும்போது ஆக்சைடுகளைக் கசடு வாங்கிக்கொள்கிறது. சுத்தமான, உள்ளே குழியில்லாத தூண் கிடைக்கிறது.

மூன்றாவது விஏஆர், வெற்றிட மின்வில் மறு உருக்கு. தண்ணீரால் குளிர்விக்கப்படும் செம்புப் பாத்திரத்துக்குள் எலக்ட்ரோடு தொங்கும். அதன் நுனிக்கும் கீழே உள்ள உருகுகுளத்துக்கும் நடுவே நேர்மின்சாரத்தால் வில் எரியும். இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவுதான். துளிகள் விழுந்து குளம் நிரம்ப, அடியிலும் ஓரத்திலும் இங்காட் உறைந்துகொண்டே மேலேறுகிறது. டிஸ்க்காக மாறப்போகும் உலோகம் கடைசி முறையாகத் திரவமாக இருப்பது இந்தக் குளத்தில்தான். இங்கே என்ன நடக்கிறதோ அதுவே இறுதி.

குளத்தின் வடிவம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விளிம்பில் ஆழம் குறைவாகவும் நடுவில் ஆழமாகவும் கிண்ணம்போல இருக்கும். திரவத்துக்கும் முழுத் திடத்துக்கும் நடுவே, டென்ட்ரைட்டுகளும் திரவமும் கலந்த ஒரு குழைமண்டலம் உண்டு. பெரிய பிரிகைக் குறைகளின் பிறப்பிடம் அதுவே.

இரண்டு பக்கமும் பள்ளம்

முதல் வகைக் குறை ஃப்ரெக்கிள். 718இல் கிளைகளுக்கு நடுவே தேங்கும் திரவம் நையோபியத்தால் கனத்திருக்கும், மேலே உள்ள திரவத்தைவிட அடர்த்தி கூடுதல். கனமானது கீழே இறங்கத்தானே செய்யும்? குழைமண்டலத்தின் சரிவைப் பிடித்துக்கொண்டு, கிளைகளின் சந்து வழியே இங்காட்டின் மையத்தை நோக்கி அது ஒழுகுகிறது. ஒழுகும் வேகம் உறைதல் முன்னேறும் வேகத்தை மிஞ்சினால், வழியில் உள்ள கிளைகளைக் கரைத்து ஒரு வாய்க்காலே வெட்டிவிடும். பிறகு அந்த வாய்க்கால் உறையும்போது லாவெஸும் கார்பைடும் நிறைந்த கெட்டி இழையாகிறது. இங்காட்டைக் குறுக்கே அறுத்து அமிலத்தில் தோய்த்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும். குளம் ஆழமாகவும், உறைதல் மெதுவாகவும், குழைமண்டலம் அகலமாகவும் இருந்தால் ஃப்ரெக்கிள் வரும். இங்காட் பெரிதாகப் பெரிதாக உள்ளே வெப்பம் தங்கும், ஆபத்தும் கூடும். 718இன் விஏஆர் இங்காட் வழக்கமாக 508 மில்லிமீட்டர் விட்டத்தோடு நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நிலத்தில் மின்சாரம் தயாரிக்கும் பெரிய டர்பைன்களின் டிஸ்க்குக்குப் பெரிய இங்காட் தேவைப்பட்டபோது, நையோபியத்தைக் குறைத்த 706 கலவையைத் தேர்ந்தெடுத்தார்கள். பிற்பாடு 718ஐயே 686 மில்லிமீட்டர் வரை கொண்டுபோக மிகுந்த உழைப்பு தேவைப்பட்டது.

சரி, அப்படியானால் மின்சாரத்தைக் குறைத்துக் குளத்தை ஆழமில்லாமல் வைத்துக்கொள்ளலாமே? அங்கேதான் இரண்டாவது பள்ளம், வெண்புள்ளி.

வெண்புள்ளி என்பது நையோபியம் குறைந்த பகுதி. அமிலத்தில் தோய்த்தால் சுற்றுப்புறத்தைவிட வெளுப்பாகத் தெரியும். இதில் மூன்று வகை சொல்வார்கள். குளத்தின் ஓரத்தில் வெப்பம் திடீரென ஏறி இறங்கும்போது உறையும் முனையிலேயே உண்டாவது ஒன்று. எலக்ட்ரோடின் உட்குழியிலிருந்து டென்ட்ரைட் கொத்துகள் உதிர்ந்து விழுவதால் உண்டாவது இன்னொன்று. எலக்ட்ரோடு நல்ல இஎஸ்ஆர் தூணாக இருந்தால் இது குறையும். மூன்றாவது தனித்த வெண்புள்ளி. மூன்றிலும் மோசமானது, ஓஹேர் டிஸ்க்கில் இருந்ததும் அதுவே.

விஏஆர் பாத்திரத்துக்குள் குளத்துக்கு மேலே மூன்று இடங்களில் தேவையற்ற திடம் சேர்கிறது. தெறிக்கும் துளிகளும் ஆவியாகும் உலோகமும் செம்புச் சுவரில் ஒட்டிக் கிரீடம்போல ஒரு வளையமாகும். குளத்தின் விளிம்பில் உறைந்த ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். எலக்ட்ரோடு நுனியின் ஓரத்தில் பாதி உருகிய உலோகம் ஒரு விளிம்பாகத் தொங்கும். இவை திரும்பத் திரும்பச் சூடாகி ஆறுவதால், எளிதில் உருகும் நையோபியச் செறிவான பகுதி வழிந்துபோய், நையோபியம் குறைந்த எலும்புக்கூடு மிஞ்சுகிறது. கிரீடத்தின் மேற்பரப்பில் ஆக்சைடும் நைட்ரைடும் சேர்ந்திருக்கும், ஏனென்றால் குளத்தின் மேல் மிதக்கும் அழுக்கை வில் ஓரத்துக்கே தள்ளுகிறது.

இப்படி ஒரு துணுக்கு பிய்ந்து குளத்தில் விழுகிறது என்று வையுங்கள். நையோபியம் குறைந்ததால் அதன் உருகுநிலை சுற்றியுள்ள திரவத்தைவிட அதிகம். திடம் என்பதால் அடர்த்தியும் சற்றுக் கூடுதல், மூழ்கும். குளம் ஆழமாகவும் சூடாகவும் இருந்தால் அடிக்குப் போகும் வழியிலேயே கரைந்துவிடும். குளம் ஆழம் குறைந்து, திரவம் உறைநிலையை ஒட்டியே இருந்தால், கரைவதற்குள் குழைமண்டலத்தில் போய்ச் சிக்கும். சுற்றிலும் உலோகம் உறையும். துணுக்கு உள்ளேயே கல்லறை கட்டிக்கொள்கிறது. அதோடு ஆக்சைடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அது அழுக்கு வெண்புள்ளி.

பார்த்தீர்களா? ஃப்ரெக்கிளைத் தவிர்க்கக் குளத்தைச் சிறிதாக்கினால் வெண்புள்ளி தப்பிப் பிழைக்கிறது. வெண்புள்ளியைக் கரைக்கக் குளத்தைச் சூடாக்கினால் ஃப்ரெக்கிள் தலைகாட்டுகிறது. 718ஐ உருக்குகிறவருக்குக் கிடைப்பது இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து. இங்காட் விட்டம் கூடினால் அந்தச் சந்தும் சுருங்குகிறது. இந்தச் சமரசத்தை அறியாமல் "ஏன் இன்னும் சுத்தமாக உருக்கக் கூடாது?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேள்வி நியாயமானதே, ஆனால் சுத்தம் என்பது இங்கே ஒற்றைத் திசை அல்ல.

சந்துக்குள் நிற்பதற்கு நிறைய செய்கிறார்கள். வில்லின் இடைவெளியை, துளி விழும்போது உண்டாகும் கணநேரக் குறுக்குச்சுற்றுகளை எண்ணிக் கட்டுப்படுத்துகிறார்கள். இங்காட் சுருங்கிச் செம்புச் சுவரை விட்டு விலகும் இடத்தில் ஹீலியத்தைச் செலுத்தி வெப்பத்தை இழுக்கிறார்கள். இதனால் குளத்தை ஆழமாக்காமலே உருக்கும் வேகத்தை வைத்துக்கொள்ள முடிகிறது. எலக்ட்ரோடில் குறுக்கே விரிசல் இருந்தால் அதன் கீழ்ப்பகுதியிலிருந்து வெப்பம் மேலே போகாமல் தேங்கும். உருகும் வேகம் திடீரென ஏறி, விரிசலைத் தாண்டியதும் சட்டென்று விழும். அந்த விழும் கணத்தில் குளம் மெலிந்துபோய், விழுந்த துணுக்குகளைக் கரைக்கும் சக்தி போய்விடுகிறது. இவை எல்லாம் மின்சாரம், மின்னழுத்தம், எலக்ட்ரோடின் எடை, வெற்றிட அழுத்தம் ஆகியவற்றின் பதிவில் கோடுகளாகத் தெரியும். ஒரு துணுக்கு விழுந்தது மட்டும் எந்தக் கோட்டிலும் தெரியாமலே போகலாம்.

ஏன் எந்த வலையிலும் சிக்கவில்லை

இங்காட்டைச் சமப்படுத்தி, அழுத்தி, உருளைத் தண்டாக ஆக்குகிறார்கள். அதைத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் டிஸ்க் வடிவத்துக்கு அடிக்கிறார்கள். ஒரே இங்காட்டிலிருந்து பல டிஸ்க்குகள் வரும். இந்த வழியில் மீயொலிச் சோதனை, அமிலத்தில் தோய்த்துப் பார்க்கும் சோதனை எல்லாம் உண்டு.

மீயொலி எதிரொலிப்பது ஒலித்தடையில் வேறுபாடு இருக்கும் இடத்தில். விரிசல், வெற்றிடம், பெரிய ஆக்சைடு கட்டி என்றால் தெளிவாகத் திரும்பும். வெண்புள்ளியோ நிக்கல் கலவைக்குள் இன்னொரு நிக்கல் கலவை. நையோபியம் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்திருப்பதை ஒலி கண்டுகொள்ளாது. உள்ளிருக்கும் ஆக்சைடு துகள்கள் நுண்ணியவை, சிதறியவை. உலோக மணிகளின் சாதாரண இரைச்சலிலேயே அவற்றின் எதிரொலி மறைந்துவிடும். அமிலத்தில் தோய்த்தால் வெண்புள்ளி தெரியும், ஆனால் அது மேற்பரப்பை வெட்டினால் மட்டுமே. இந்த டிஸ்க்கில் அது உள்ளே இருந்தது.

பறக்கத் தொடங்கிய பிறகு? எஞ்சினைப் பிரிக்கும்போதெல்லாம் டிஸ்க்கை ஒளிரும் சாயத்தால் சோதிப்பார்கள். முக்கிய இடங்களில் சுழல்மின்னோட்டத்தாலும் பார்ப்பார்கள். சாயம் மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலுக்குள் மட்டுமே புகும். சுழல்மின்னோட்டம் மேற்பரப்பையும் அதை ஒட்டிய மெல்லிய அடுக்கையும் காணும். உள்ளே ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு அடி என வளர்ந்துகொண்டிருந்த விரிசல் இரண்டுக்குமே எட்டாதது. அதைப் பார்த்திருக்கக்கூடியது, விரிசல் ஓரளவு வளர்ந்த பிறகு செய்யப்படும் மீயொலிச் சோதனை மட்டுமே. அது பராமரிப்பு நடைமுறையில் இல்லை.

15,000 சுற்று என்ற ஆயுள் வரம்பும் இங்கே காவல் நிற்கவில்லை. அந்த வரம்பு குறையற்ற உலோகத்தின் மாதிரிகளைச் சோதித்து, அதிலிருந்து போதிய இடம் விட்டுக் குறிக்கப்படுவது. உள்ளே குறை இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, அது எத்தனை சுற்றில் ஆபத்தாகும் என்று கணக்கிடும் அணுகுமுறை பிறகு வந்தது. அமெரிக்க விதிகளில் 2007இல் அது புதிய எஞ்சின்களுக்குக் கட்டாயமானது. சிஎஃப்6-80சி2 அதற்கு வெகு முன்பே பறக்கத் தொடங்கிவிட்டது.

இங்கே சூ சிட்டியை நினைக்காமல் இருக்க முடியாது. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232, ஒரு டிசி-10, அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் விழுந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வால் எஞ்சினின் டைட்டானிய விசிறி டிஸ்க் உடைந்ததுதான் காரணம். நைட்ரஜன் செறிந்து நொறுங்கும் தன்மை பெற்ற ஒரு புள்ளி உருக்கும்போதே உள்ளே வந்திருந்தது. அதற்குப் பிறகு டைட்டானியத்தை உருக்கும் முறையே மாறியது. ஆனால் அங்கே விரிசல் மேற்பரப்புக்கு வந்திருந்தது. பராமரிப்பில் பிடித்திருக்க வாய்ப்பு இருந்தது. ஓஹேரில் அந்த வாய்ப்பும் இல்லை. என் மதிப்பீட்டில் ஓஹேர் இந்த வகையில் இன்னும் கடினமான வழக்கு. யாரும் இறக்காததால் அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. அதே டிஸ்க் ஓரிரு நிமிடம் கழித்து, முழு எரிபொருளோடு விமானம் மேலேறிக்கொண்டிருக்கும்போது உடைந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கவே மனம் கூசுகிறது.

பிறகு நடந்ததும் நடக்க வேண்டியதும்

என்டிஎஸ்பி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு (எஃப்ஏஏ) முன்வைத்த பரிந்துரைகளில் உலோகத்தைப் பொறுத்தவரை ஒன்று முக்கியம். எல்லா எஞ்சின்களிலும், ஆயுள் வரம்புள்ள, உயர் ஆற்றலோடு சுழலும் முக்கியப் பாகங்களுக்கு, பயன்பாட்டில் இருக்கும்போதே மீயொலி போன்ற உட்பரப்புச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது அது. ஜெனரல் எலக்ட்ரிக் சிஎஃப்6-80 வகையின் உயர் அழுத்த டர்பைன் டிஸ்க்குகளுக்கு மீயொலிச் சோதனையைக் கொண்டுவந்தது, எஃப்ஏஏ அதைக் கட்டாயமாக்கியது. தரையில் எஞ்சின் தீப்பிடித்தால் பயணிகள் வெளியேறுவதைத் தாமதிக்காத சரிபார்ப்புப் பட்டியல் வேண்டும் என்று போயிங்குக்கும் சொல்லப்பட்டது.

பயன்பாட்டில் மீயொலிச் சோதனை என்பது தேவையான நடவடிக்கை, சந்தேகமே இல்லை. ஆனால் அது வெண்புள்ளியைத் தேடுவதில்லை. வெண்புள்ளியிலிருந்து கிளம்பி வளர்ந்துவிட்ட விரிசலைத்தான் தேடுகிறது. எஞ்சின் அந்த அளவுக்குப் பிரிக்கப்படும்போது மட்டுமே செய்ய முடியும். இரண்டு பிரிப்புகளுக்கு நடுவே பல ஆயிரம் சுற்று ஓடிவிடும். விரிசல் காணும் அளவை எட்டுவதும் எஞ்சின் பிரிக்கப்படுவதும் ஒத்துப்போக வேண்டும்.

இங்காட்டே வேண்டாம், உலோகத்தைத் தூளாக்கிப் பிறகு அழுத்திச் சேர்க்கலாம் என்று ஒரு வழி உண்டு. ஒவ்வொரு தூளும் தனித்தனியே நொடியில் உறைவதால் பெரிய பிரிகைக்கு இடமே இல்லை. 718ஐவிடப் பலமான கலவைகளுக்கு இதுதான் வழி. ஆனால் தூளோடு அந்நியத் துகள் கலந்துவிட்டால் அது வேறொரு விதமான புதைந்த குறை. 2023 ஜூலையில், எஞ்சின் தயாரிக்கும் பிராட் அண்ட் விட்னியின் தாய் நிறுவனம் ஆர்டிஎக்ஸ், டிஸ்க் செய்யும் தூள் உலோகத்தில் மாசு இருந்ததை வெளியிட்டது. அதன் பிறகு பிராட் அண்ட் விட்னியின் கியர்டு டர்போஃபேன் வகை எஞ்சின்கள் நூற்றுக்கணக்கில் சோதனைக்காக இறக்கப்பட்டன. இந்தியாவில் இண்டிகோவின் பல விமானங்கள் தரையில் நின்றது அதனால்தான். குறை பிறக்கும் கட்டம் மட்டும் மாறியிருக்கிறது. பின்னாளில் தேடிக் கண்டுபிடிக்கும் சிரமம் அப்படியே இருக்கிறது.

ஆகவே 718 தொடரும் வரை, விஏஆர் பாத்திரத்தைப் பார்க்கும் கண்தான் கூர்மையாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு காரியங்களை முதலில் சொல்வேன். ஒன்று, எலக்ட்ரோடு. இஎஸ்ஆர் தூணை விரிசலில்லாமல் ஆற்றி எடுப்பதை விஏஆர் கட்டுப்பாட்டுக்குச் சமமான வேலையாக நடத்த வேண்டும். அங்கே விட்ட விரிசல், பிறகு எவ்வளவு நல்ல கட்டுப்பாட்டுக் கருவி இருந்தாலும் குளத்தைக் குலைக்கும். எலக்ட்ரோடின் மேற்பரப்பைக் கடைந்து எடுப்பதும், பாத்திரத்தை ஒவ்வொரு உருக்குக்கும் முன் சுத்தம் செய்வதும் கிரீடத்தில் சேரும் ஆக்சைடைக் குறைக்கும். இவை எளிய வேலைகள். கணக்குப் பார்ப்பவர் முதலில் நேரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பதும் இவற்றில்தான்.

இரண்டாவது, உருக்குப் பதிவு. விஏஆர் ஓடும்போது வேகம் எங்கே விழுந்தது, வில் எங்கே அலைந்தது என்பது நொடிவாரியாகப் பதிவாகிறது. அந்த நேரத்தில் இங்காட்டின் எந்த உயரம் உறைந்துகொண்டிருந்தது என்று கணக்கிட முடியும். தடுமாற்றம் நடந்த பகுதியை, மீயொலி எதுவும் சொல்லாவிட்டாலும், டிஸ்க் வேலைக்கு அனுப்பாமல் வெட்டி ஒதுக்க வேண்டும். அது வளையத்துக்கோ போல்டுக்கோ போகட்டும். எந்த உயரத்திலிருந்து எந்த டிஸ்க் வந்தது என்ற தொடர்பும், அந்த நொடிவாரிப் பதிவும், டிஸ்க் சேவையில் இருக்கும் இருபது, முப்பது ஆண்டுகள் முழுக்க எடுத்துப் படிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், ஒரு டிஸ்க் உடையும் நாளில் அதே இங்காட்டிலிருந்து வந்த மற்ற டிஸ்க்குகள் எந்தெந்த விமானங்களில் பறக்கின்றன, அவற்றில் எதை முதலில் இறக்க வேண்டும் என்பதை அன்று மாலைக்குள் சொல்லிவிடலாம்.